நான் மூட்டிய அடுப்பு

மெல்பனின் தென்கிழக்கில் உள்ள ஒரு சிறிய யூத ஜெப ஆலயத்தின் குசினியில் நான்கு வருடம் சமைத்தேன். இப்போது சமைப்பதில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் முதுகு வலி என்று சொல்லிவிடுவேன். முதுகு வலி இருப்பது உண்மைதான். டண்டினொங்கில் கோழித் தொழிற்சாலையின் குளிர் அறையில் ஆறு வருடம் பெட்டி தூக்கியதில் வந்தது. அந்த வலியால் தொழிற்சாலையை விட்டுத்தான் இந்தக் குசினிக்கு வந்தேன். குசினியை விட்டதற்குக் காரணம் வேறு. அதை ஒரே ஒருவரைத் தவிர நான் யாருக்கும் முழுதாகச் சொல்லவில்லை.

நான் சேர்ந்த காலத்தில் அது ஆலயம் என்று சொன்னால்தான் தெரியும். டயர்க் கடைக்கும் பல் வைத்தியரின் வீட்டுக்கும் நடுவில் ஒரு பழைய செங்கல் வீடு. முன் அறையில் தொழுகை, பின் அறையில் சாப்பாடு. சனிக்கிழமை அவர்களுடைய ஓய்வுநாள். அன்று முழுத் தொழுகை நடத்தப் பத்து ஆண்கள் வேண்டும். பல கிழமைகள் ஒன்பது பேரோடு நின்றுவிடும். ஓய்வுநாளில் தொலைபேசியைத் தொட மாட்டார்கள், ஆகவே யாரையும் கூப்பிடவும் முடியாது. ஒரு கிழவர் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தபடி நிற்பார். எதையாவது குறை சொல்லாமல் அவருக்கு நாள் போகாது.

"மற்றவன் பஸ்ஸுக்கு நிப்பான். நான் யூதனுக்கு நிக்கிறன்," என்று என்னிடம் சொல்லுவார். "பஸ்ஸாவது வரும்."

அவர்கள் பேசியது ஆங்கிலம். எனக்குள் அது எங்கள் பேச்சாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

குசினிக்குப் பொறுப்பாக ஓர் அம்மா இருந்தார். ரஷ்யாவில் பிறந்தவர், எழுபதை நெருங்கியவர், என் தோளுக்குக் கீழே நிற்கும் உயரம். அவர்களுடைய உணவுச் சட்டங்கள் தவறாமல் பார்ப்பது அவர் வேலை. நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை செஃப் என்பார். முதல் வெள்ளிக்கிழமை எத்தனை பேருக்குச் சமைப்பது என்று கேட்டேன்.

"ஆக்களை எண்ணக் கூடாது. கண்ணூறு," என்றார்.

"அப்ப எத்தினை உருளைக்கிழங்கு, மேடம்?"

அவர் விரல் மடித்து, "ஒண்டு இல்லை, ரெண்டு இல்லை, மூண்டு இல்லை," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில், "இருபத்திரண்டு இல்லை," என்றார். நான் இருபத்திரண்டு கிழங்கு உரித்தேன். அதற்குப் பிறகு எங்கள் கணக்கு அதுதான்.

ஓய்வுநாளில் அவர்கள் சமைக்க மாட்டார்கள். வெள்ளியன்றே வெள்ளை அவரைக் கொட்டை, பார்லி, கோழி, கிழங்கு எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு அவித்து, சூரியன் மறையுமுன் சூட்டுத் தட்டில் ஏற்றிவிட வேண்டும். சனி மத்தியானம் வரை அது அப்படியே இருந்து ஊறும். அதை நான் நன்றாகச் செய்தேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடைகளில் பதினான்கு வருடம் நின்றவன் நான்.

அந்த முதல் நாளே மேடம் இன்னொன்றும் சொன்னார்.

"நீர் வெட்டலாம், கழுவலாம், உப்புப் போடலாம், கிண்டலாம். எல்லாம் உம்மட கை. அடுப்பை மட்டும் நான்தான் மூட்டவேணும். யூதர் இல்லாத ஒருத்தர் மூட்டின அடுப்பில அவிஞ்சதை நாங்கள் சாப்பிடுறதில்லை."

சர்வ சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. "ஓகே மேடம்," என்று வெங்காயத்தைப் பார்த்தபடி நின்றேன்.

ஊரில் எங்கள் ஆட்களுக்குத் தேநீர்க் கடையில் கோப்பை தனி. பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒருநாள் தாகம் தாங்காமல் வகுப்புப் பானையில் நானே தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டேன். வாத்தியார் ஏசவும் இல்லை, அடிக்கவும் இல்லை. பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அது உடையும் சத்தம் வகுப்புக்குள் கேட்டது. மறுநாளிலிருந்து நான் போகவில்லை. மெல்பனில் ஒரு கோயிலில் அன்னதானத்துக்கு உதவப் போனேன். கரண்டியை என் கையில் தந்துகொண்டே ஓர் அங்கிள், "தம்பி, ஊரில எந்தப் பக்கம்? கோயிலடியோ, அங்காலையோ?" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு வாறேன் என்று சொல்லிக் கரண்டியை வைத்தவன், நேரே ரயில் ஏறிவிட்டேன். பிறகு எந்தத் தமிழ்ச் சமையலிலும் நான் கை வைத்ததில்லை.

ஆகவே மேடம் சொன்னதைக் கேட்டதும் அன்றே போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் சனி மத்தியானம் அந்தக் கிழவர் தன் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, குசினி வாசலில் வந்து நின்று, "உப்புக் கூட. இன்னும் இருக்கோ?" என்று கேட்டார். நான் கையால் உரித்த கிழங்கு, நான் கையால் பிய்த்த கோழி. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேலையில் நின்றுவிட்டேன்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நகரத்துப் பக்கம் வீட்டு வாடகை கட்டுப்படியாகாத இளம் குடும்பங்கள். தென்னாபிரிக்காவிலிருந்து சிலர், இஸ்ரேலிலிருந்து சிலர். முதலில் நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி நின்றது. அடுத்த குளிர்காலம் ஆறு நின்றன, கடந்து போக நான் பக்கவாட்டில் நடந்தேன். கிழவர் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, இருக்க இடமில்லை என்று குறை சொல்லத் தொடங்கினார். என் சின்னப் பானை மேல் தட்டுக்குப் போயிற்று. இடுப்பளவு உயரத்தில் இரண்டு பெரிய பானைகள் வந்தன. வெள்ளிதோறும் மேடத்தின் 'இல்லை' நீண்டுகொண்டே போனது. பின் சுவரை உடைத்து, தொழுகைக்கும் சாப்பாட்டுக்குமாக ஒரே பெரிய மண்டபம் ஆக்கினார்கள்.

புதிதாக வந்தவர்கள் சட்டத்தில் இறுக்கமானவர்கள். ஓர் இளம் தகப்பன் குசினிக்கு வந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மேடத்திடம் கேட்டார். "அடுப்பை ஆர் மூட்டுறது?"

"நான். நாலு வருசமா நான்தான். செத்தாலும் எழும்பி வந்து மூட்டிப்போட்டுத்தான் திரும்பப் படுப்பன்."

தகப்பன் சிரித்துவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அத்தனை பேரும் சாப்பிட்டார்கள்.

பெரிய மண்டபத்தில் முதல் ஓய்வுநாள் வந்தது. முந்திய நாள் வெள்ளி காலை மேடம் இரண்டு அடுப்பையும் மூட்டி, லைட்டரைச் சுவர் ஆணியில் தொங்கவிட்டு, மண்டபத்தில் கதிரை அடுக்குவதைப் பார்க்கப் போனார். கதிரை கொண்டுவந்தவர்கள் குசினியின் பின் கதவைத் திறந்து கல் வைத்துவிட்டார்கள். ஜூலை மாதக் காற்று. பழைய அடுப்பு. பெரிய பானைகளில் ஒன்றின் கீழ் நெருப்பு அணைந்து, கேஸ் மணத்தது. நான் கேஸ் குழாயை மூடி, துணியால் விசிறி, மணம் போனதும் கதவைச் சாத்தி, லைட்டரை எடுத்து மூட்டினேன்.

என் கை அதைச் செய்தது எனக்குத் தெரியாது. முப்பது வருடப் பழக்கம். நெருப்பு நீலமாக வட்டம் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

பானைக்குள் விரல் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அவரைக் கொட்டை கல்லாகக் கிடந்தது. குழாயைத் திரும்ப மூடி, மேடத்தைக் கூப்பிட்டு, நெருப்பு அணைந்துபோயிற்று என்று சொன்னால் அவர் வந்து மூட்டிவிட்டுப் போவார். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனை தடவை திரும்பச் செய்து பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மண்டப வாசல் வரை போனேன். நிறையப் பேர். மேடம் ஒரு கதிரையில் ஏறி நின்று, எந்த வரிசை எங்கே என்று கை நீட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் ஏப்ரனில் கோழி நீர். அத்தனை பேரைக் கடந்து போய் அவரைக் கூப்பிட எனக்குக் கால் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். நாலு பேர் பார்த்தால் பெயரைச் சொல்லவும் நா எழாது. யாராவது திரும்பிப் பார்த்து என்ன என்று கேட்பார்கள் என்று நின்றேன். யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்தேன்.

குழாயில் கை வைத்தேன். மூடியிருக்கலாம். அப்போதுதான் அது வந்தது. என்னவென்று சொல்ல? வாத்தியாரின் பானை உடைந்த சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கை வெட்டலாம், பிய்க்கலாம், கிண்டலாம், என் கை தொட்ட நெருப்பு மட்டும் ஆகாதா? "எரியட்டும்," என்று வாய்விட்டுச் சொன்னேன். குசினியில் யாரும் இல்லை. கையை எடுத்துவிட்டுக் கரட் சீவப் போனேன்.

மூன்று மணிக்கு மேடம் வந்து மூடியைத் திறந்து முகத்தை ஆவிக்குள் நீட்டினார்.

"செஃப், இண்டைக்கு நீர் உம்மையே வெண்டிட்டீர்."

இரண்டு பேர் வந்து பானைகளைச் சூட்டுத் தட்டுக்குத் தூக்கி வைத்தார்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குக் குழம்பை ஊற்றி மேடமே தடிப்பைச் சமப்படுத்தினார். இப்போது இரண்டு பானையும் ஒன்றுதான். பார்த்துக்கொண்டு நின்றேன். "போட்டு வாறன், மேடம்," என்றேன். அவர் என் கையைத் தன் இரு கைகளாலும் பிடித்து நல்ல ஓய்வுநாள் என்று வாழ்த்தினார்.

ரயிலில் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வீடு இருக்கும் டண்டினொங்கில் இறங்கினேன். நடைமேடையில் நின்று மேடத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். சூரியன் போய்விட்டது. அணைத்து வைத்திருந்தார். அவர்களுடைய மதகுரு, ரபியும் அப்படியே. நாளை பொழுதுபடும் வரை யாரும் எடுக்கமாட்டார்கள். அதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள்.

என்னோடு வீட்டில் இருப்பவர் வவுனியாப் பெடியன், என்னைவிடப் பத்து வயது இளையவர், களஞ்சியமொன்றில் வேலை. அவரிடம் அடுப்பின் கதையை மட்டும் சொன்னேன்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? ஆர் கண்டது?"

"ஒருத்தரும் காணேல்லை."

"பிறகென்ன? நெருப்பில பேர் எழுதியிருக்கே? சொன்னா வேலை போகும். இந்த முதுகோட எங்க போய் நிப்பீங்கள்? விசாவும் இந்தா அந்தா எண்டு கிடக்கு."

"அவை என்னை நம்பியெல்லே சாப்பிடுகினம்."

"நம்பிச் சாப்பிடட்டும். ருசியாத்தானே இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் பருப்பைத் தன் சோற்றில் ஊற்றினார்.

அவர் சொன்னது சரி. யாருக்கும் தெரியாது. அப்படி விட்டுவிட்டால் நான் தொடர்ந்து சமைக்கலாம், அவர்களும் தொடர்ந்து என் கையால் சாப்பிடுவார்கள். ஆனால் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்களுக்கு, தெரியாமல் வைத்துப் பரிமாறுவது எப்படி? கோயிலில் கரண்டியை வைத்துவிட்டு ஓடியவன் நான். அன்று பொய் சொல்லியாவது நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

சனி காலை ரயில் பாதையில் வேலை. மாற்று பஸ் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நின்று போனது. சாப்பாடு பன்னிரண்டரைக்கு. நான் இறங்கியபோது பன்னிரண்டு ஆகியிருந்தது. ஓடினேன். வாசல் காவலாளி என்னை அறிந்தவர், பிந்திவிட்டாயே என்று கதவைத் திறந்தார்.

மேடம் குசினியில் இல்லை. தொழுகையில் இருந்தார். மண்டபக் கதவைத் தள்ளி உள்ளே போனேன். நான்கு வருடத்தில் தொழுகை நேரத்தில் நான் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. கடைசி வரிசையிலிருந்த கிழவர் தன் பையிலிருந்து ஒரு சிறு தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தார்.

"என்ன, மதம் மாறப் போறீரோ? வேண்டாம், சாப்பாடு சரியில்லை." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "என்ன நடந்தது?"

"ரபி. இப்ப. ப்ளீஸ்."

கிழவர் கேள்வி கேட்காமல் முன்னால் நடந்து போனார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொழுகை முடியும் கட்டத்தில் ரபி இறங்கி என்னை நடைபாதைக்குக் கூட்டிவந்தார். தள்ளுவண்டிகளுக்கு நடுவில் நின்றோம். நாற்பது வயது மனிதர், எதையும் மெல்லப் பேசுபவர். என் ஆங்கிலம் அவ்வளவுதான். "நேற்று நெருப்பு நின்றது. நான் மூட்டினேன். மேடம் இல்லை. நான்," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "கவனமாக் கேளுங்கோ. நெருப்பு அணையிற நேரம் சாப்பாடு எவ்வளவு அவிஞ்சிருந்தது? முழுக்க அவிய வேணுமெண்டில்லை. பசியில ஓடுற ஒரு கள்ளன் அவசரத்துக்குத் தின்னக்கூடிய அளவுக்கு எண்டாலும் காணும். அப்படி இருந்திருந்தா, பிறகு நீங்கள் மூட்டினதில பிழையில்லை."

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அது எனக்கு விளங்கியது. ஓம் என்று தலையாட்டினால் போதும். கள்ளன் தின்பான், அரைவாசி அவிந்திருந்தது என்று ஒரு வார்த்தை. அவர் தன் கண்ணால் கெஞ்சுவது போலவும் இருந்தது. உள்ளே பாட்டு முடிந்து கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"இல்லை," என்றேன். "கொட்டை கல்லு மாதிரி. தண்ணி சூடில்லை."

"நிச்சயமோ?"

"விரல் வைச்சுப் பார்த்தனான்."

ரபி ஒரு தள்ளுவண்டியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டார். "நாங்கள் இருபது பேரா இருந்த காலம் எண்டா, வேற வழி ஒண்டு தேடியிருப்பன். வழி இல்லாமலும் இல்லை," என்றார். "இப்ப இவ்வளவு பேர் என்ர சொல்லை நம்பி வந்திருக்கினம். நான் வளைஞ்சன் எண்டு நாளைக்கு ஆரும் சொல்லக் கூடாது." பிறகு, "சொன்னதுக்கு நன்றி," என்றார். அந்த நன்றியைப்போல என்னைச் சுட்டது எதுவும் இல்லை.

பெரிய மண்டபத்தின் முதல் சாப்பாடு பாணும், முட்டையும், ஊறுகாய் மீனும், வீடுகளிலிருந்து கொண்டுவந்த சலாதும். சின்னப் பிள்ளைகள் மணத்தைப் பிடித்துக்கொண்டு குசினிப் பக்கம் கை காட்டி அழுதார்கள். தாய்மார் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் தண்ணீர்க் குவளைகளை மேசையில் வைத்தேன். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அந்த இளம் தகப்பன் மட்டும் எழுந்து வந்து, மரியாதையாக, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இதுக்கு முதல் எத்தினை தரம்?"

"இல்லை. இது ஒண்டுதான்."

"சரி," என்றார். அவர் நம்பவில்லை. நம்புவதற்கு அவருக்கு என்ன இருக்கிறது? நாலு வருடத்துக்கும் என் வார்த்தை ஒன்றுதான். அதுவும் ஒரு நாள் இரவு முழுக்க வாய் மூடிக் கிடந்த வார்த்தை.

மேடம் குசினியில் கதிரை போட்டு, பானைகளுக்கு முன்னால் இருந்தார். கை இரண்டும் மடியில்.

"நான் பத்தடி தூரத்திலதானே நிண்டனான். ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

நான் பானையின் மூடியை நேராக வைத்தேன். 

"ஏன்?" என்று இன்னொரு தரம் கேட்டார். பிறகு கேட்கவில்லை.

அந்தக் குழம்பை யூதர் இல்லாதவர்கள் சாப்பிடலாம் என்று ரபி சொன்னார். வாளிகளில் கொஞ்சம் டண்டினொங்குக்கு வந்தது. வவுனியாப் பெடியன் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இதையா அண்ணை வேண்டாமெண்டவை?" என்றார். மிச்சத்தை நான் கொட்டிவிட்டேன்.

ஞாயிறன்று பானைகளையும் கரண்டிகளையும் கொதிநீரில் முக்கிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் செய்தார்கள், நான் தூக்கிக் கொடுத்தேன். அடுத்த கிழமை கூட்டம் வைத்தார்கள். இனிமேல் சாப்பாடு வெளியிலிருந்து, முத்திரை ஒட்டிய தட்டுகளில் வரும் என்று முடிவாயிற்று. என்னை அனுப்பவில்லை. கிழமையில் மூன்று நாள் மண்டபம் கூட்டித் துடைக்கும் வேலை தந்தார்கள். கிழவர் வந்து, புதுச் சாப்பாட்டில் உப்பே இல்லை என்றார். மேடம் தன்னிடமிருந்த குசினிக் கதவுத் திறப்பைத் தானாகவே மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். கூட்டத்தில் ஒருவரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவர்தான், நான் சொன்ன சொல் பொய்யாய்ப் போச்சு என்றாராம்.

மூன்று கிழமை கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். தெருவில் இரண்டு தரம் அங்கும் இங்கும் நடந்துவிட்டுத்தான் மணியை அடித்தேன். கதவைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "உள்ளுக்கு வாரும்," என்றார். குசினி மேசையில் இருந்தோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். தேநீர்க் கோப்பை, பள்ளிக்கூடப் பானை, கோயிலில் அந்த அங்கிள், எல்லாம். சொல் தெரியாத இடத்தில் கையால் காட்டினேன். பானை உடைவதைக் கையால் காட்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் அதை வாய் திறந்து சொன்ன முதல் ஆள் அவர்.

அவர் மேசை விரிப்பை ஒருதரம் நீவிவிட்டார்.

"நாலு வருசம்," என்றார். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் மூட்டேக்க நீர் இதையோ நினைச்சுக்கொண்டு நிண்டனீர்?"

"எல்லா வெள்ளியும் இல்லை, மேடம்."

"அதில்லை இது. எங்கட சட்டம் உம்மட கையைப் பற்றினதில்லை."

"தெரியும், மேடம்."

"தெரிஞ்சுமோ?"

"தெரிஞ்சும்."

அவர் எழுந்து போய் ஒரு கோப்பையில் சூப் ஊற்றி என் முன்னால் வைத்தார். பாணை வெட்டி வைத்தார். தனக்கு ஒன்றும் எடுக்கவில்லை.

"நான் திரும்ப அந்தக் குசினிக்கு வரேலுமோ, மேடம்? நீங்கள் ரபியோட கதைச்சா..."

"என்னட்ட திறப்பு இல்லை," என்றார். "இருந்தாலும் தர மாட்டன். எனக்குக் கோவம் போகேல்லை. போகுமோ எண்டும் தெரியேல்லை." கரண்டியை என் பக்கம் தள்ளினார். "சூடு ஆறுது. சாப்பிடும்."